ஆளற்ற மண்டபங்கள்: மதுரைக் கோயிலும் ஒளிப்படமும்

தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களைப் பற்றி உலகெங்கும் பரவியிருக்கும் படங்களில் கோபுரம் உண்டு, தூண் உண்டு, குளம் உண்டு. அக்கோயில்களை நாள்தோறும் நடத்திவந்த மனிதர்கள் அப்படங்களில் அரிதாகவே தென்படுகிறார்கள். இந்த இன்மைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒளிப்படக் கருவியின் இயல்பாலும் அதை ஏவிய அரசின் நோக்கத்தாலும் தொடங்கிய ஒரு பார்வை, பின்னர் ஆய்வு நூல்கள், அஞ்சலட்டைகள், இரயில்வே கையேடுகள், சுற்றுலா விளம்பரங்கள் ஆகியவற்றின் வழியே இறுகி, கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்களின் தொழிலையும் இருப்பிடத்தையும் தீர்மானிக்குமளவுக்கு வலுப்பெற்றது. மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் அந்தப் போக்கின் ஏறத்தாழ எல்லாக் கட்டங்களையும் காண முடியும் என்பதால், இக்கட்டுரை அக்கோயிலையே மையமாகக் கொள்கிறது.

கேமரா வருவதற்கு முன்பே மதுரைக் கோயில் ஐரோப்பியரின் பார்வைப்பொருளாகியிருந்தது. ஆங்கிலேயப் படையில் மருத்துவராக மதுரையில் இருந்த ஆடம் பிளாக்காடர் என்பவர் 1780-களில், கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) கட்டிய புது மண்டபத்தை வரைந்து, அதன் சிற்பத் தூண்களை வெண்கலத்தில் சிறு மாதிரிகளாகவும் செய்வித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். 1792-இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் மதுரைக்கு வந்து கோயிலையும் அரண்மனையையும் தெப்பக்குளத்தையும் வரைந்தனர். இவர்களுடைய ஓவியங்களில் ஆட்கள் உண்டு. கட்டடத்தின் உயரத்தை உணர்த்தவும் காட்சிக்கு உயிரூட்டவும் ஓவியர் தம் விருப்பப்படி இரண்டு மூன்று உருவங்களை அங்கங்கே நிறுத்திக்கொள்ள முடிந்தது. ஒளிப்படத்தில் அந்த வசதி இல்லை.

கோயில்களை விரிவாகவும் முறையாகவும் ஒளிப்படம் எடுக்கும் பணியைச் சென்னை மாகாண அரசு 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அலுவலரிடம் ஒப்படைத்தது. இவர் 1854-இல் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைத் தம் சொந்த ஆர்வத்தால் படம்பிடித்தவர். அடுத்த ஆண்டு பர்மிய அரசவைக்குச் சென்ற ஆங்கிலேயத் தூதுக்குழுவுடன் பயணம் செய்து அங்கும் ஏராளமான படங்களை எடுத்தவர். 1857-இன் இறுதியில் தென்மாவட்டங்களை நோக்கிப் புறப்பட்ட டிரைப், சில மாதங்களில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படம்பிடித்து, அவற்றை 1858-இலேயே தனித்தனித் தொகுதிகளாக வெளியிட்டார். வட இந்தியாவில் சிப்பாய் எழுச்சி இன்னும் முழுதாக அடங்காதிருந்த காலம் அது. கிழக்கிந்தியக் கும்பினி அரசு தன் ஆட்சிப்பரப்பின் பழங்கட்டடங்களைப் பட்டியலிட்டு ஆவணப்படுத்த விரும்பியது. வரைவாளர்களைவிட ஒளிப்படம் விரைவானது, மலிவானது, துல்லியமானது என்று அதன் இயக்குநர்கள் கருதினார்கள்.

டிரைப் பெரும்பாலும் மெழுகுத்தாள் முறையைக் கையாண்டார். மெல்லிய தாளில் மெழுகை ஊறவைத்து, வெள்ளி உப்புகளால் ஒளி உணரும் தன்மையூட்டி, உலர்ந்த நிலையிலேயே கேமராவில் பொருத்தி நெகட்டிவ் எடுக்கும் முறை இது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கரைசலைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டிய ஈரத்தகட்டு முறையைவிட, தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ள இடம்தந்த இந்த முறை தென்னாட்டு வெயிலுக்கும் மாட்டுவண்டிப் பயணத்துக்கும் ஏற்றதாக இருந்தது. ஆனால் தாளில் காட்சி பதிய நிமிடக்கணக்கில் ஒளி தேவைப்பட்டது. அந்த நேரத்தில் மண்டபத்தைக் கடந்துசென்றவரின் தடயம் தாளில் எஞ்சாது. ஒரே இடத்தில் அசையாமல் அமர்ந்திருந்தவர் மட்டுமே ஒருவேளை பதியலாம். ஆடிய மரக்கிளைகளும் மங்கலாகவே விழுந்தன. வெறுமையாகத் தெரிந்த வானத்தில் மேகங்களையும், மங்கிய இடங்களில் இலைகளையும் டிரைப் நெகட்டிவின் மீது கையால் தீட்டிச் சேர்த்தார் என்பது அவருடைய படங்களை ஆராய்ந்தவர்கள் நன்கறிந்த செய்தி. மேகத்தைச் சேர்க்கத் தேவை உணர்ந்த அந்தக் கலைஞருக்கு மனிதர்களைச் சேர்க்கும் தேவை தோன்றவில்லை. ஆளின்மைக்குக் கருவி பாதிக் காரணமென்றால், கட்டடத்தை மட்டுமே ஆவணமாகக் கருதிய நோக்கம் மறுபாதிக் காரணம்.

அப்படங்களில் விடுபட்டவர்கள் யார் என்பதைக் கோயிலின் அமைப்பை வைத்தே சொல்லிவிடலாம். மதுரைக் கோயிலில் பூசை செய்யும் உரிமை விக்கிரமபாண்டிய பட்டர், குலசேகர பட்டர் என்ற இரு மரபினரைச் சேர்ந்த குடும்பங்களுக்கு வழிவழியாக இருந்தது. இந்த உரிமை மிராசு எனப்பட்டது. குடும்பங்கள் சுழற்சியாகப் பணிசெய்யும் நாள்களுக்கு ‘முறை’ என்று பெயர். அவர்களுக்கு அப்பால், தேவாரம் பாடும் ஓதுவார், நாகசுரமும் தவிலும் இசைக்கும் மேளக்காரர், மடைப்பள்ளியில் சமைக்கும் பரிசாரகர், பூத்தொடுப்போர், தீவட்டி பிடிப்போர், வாகனம் சுமப்போர், தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டிக்கொண்டு ஆடல்பாடலும் கும்ப ஆரத்தியும் நடத்திய தேவதாசியர், சுதை வேலையும் கல்வேலையும் செய்த ஸ்தபதியர், கணக்கர், காவலர் என ஒரு பெருங்கூட்டம் கோயிலைச் சார்ந்து வாழ்ந்தது. இவர்களுக்குரிய ஊதியம் மானிய நிலமாகவோ, படித்தர நெல்லாகவோ, பிரசாதத்தில் ஒரு பங்காகவோ கிடைத்தது. ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கடமையும் ஒரு மரியாதையும் சேர்ந்திருந்தன. கோயில் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளூர்க்காரரின் மனத்தில் எழுந்தது கல்லும் சுதையும் சேர்ந்த கட்டடத்தோடு இத்தனை பேரின் நடமாட்டமும் சேர்ந்த ஒன்றுதான்.

டிரைப் மதுரையில் எடுத்த படங்களுள் ஒன்று தனியாகக் கவனிக்கத் தக்கது. கோயிலின் நகைகளை வெளியே எடுத்துப் பரப்பிவைத்து எடுத்த படம் அது. கோயில் நகை சாதாரண நாள்களில் ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. விழா நாளில் உற்சவ மூர்த்திக்கு, அதாவது வீதியுலாவுக்கென்று வார்க்கப்பட்ட செப்புத் திருமேனிக்கு, அலங்காரமாகச் சார்த்தப்பட்டு, மாலையும் பட்டும் தீபமும் சேர்ந்த நிலையில்தான் மக்களுக்குக் காட்சி தரும். எந்த நாளில் எந்த நகை, அதைப் பொக்கிஷத்திலிருந்து எடுத்துத்தருபவர் யார், சார்த்துபவர் யார் என்பவையெல்லாம் உரிமை சார்ந்த நுட்பமான ஏற்பாடுகள். படத்திலோ தெய்வத் திருமேனி இல்லை, நாள் இல்லை, சார்த்தும் கை இல்லை. நகைகள் மட்டும் பொருளாகக் கிடக்கின்றன. 1817-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் கோயில் சொத்துகளின் மேற்பார்வையைத் தன்வசப்படுத்தியிருந்த அரசு, 1863-இல்தான் சட்டப்படி அந்தப் பொறுப்பிலிருந்து முற்றிலும் விலகிக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அரசின் ஒளிப்படக்காரருக்காகப் பொக்கிஷம் திறக்கப்பட்டது என்பது, கோயிலை யார் எப்போது பார்க்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் அப்போதே கைமாறத் தொடங்கிவிட்டதைக் காட்டுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் டிரைப் செய்த வேலை இன்னும் வியப்பானது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். தமிழ்க் கல்வெட்டியலின் தொடக்ககால ஆவணங்களுள் அது ஒன்று. ஆனால் அக்கோயிலின் கல்வெட்டுகள் பேசுவது பெரிதும் மனிதர்களைப் பற்றியே. திருச்சுற்று மதிலில் உள்ள ஒரு நீண்ட கல்வெட்டு, முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை, ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்த வீட்டில் வாழ்ந்தார் என்று பெயர்பெயராகப் பதிவுசெய்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லைப் பங்காக வகுத்திருக்கிறது. ஆடல் ஆசிரியர், பாடுவோர், மேளம் கொட்டுவோர், தையலர், தட்டார், சோதிடர் ஆகியோரும் அதில் இடம்பெறுகின்றனர். மற்றொரு கல்வெட்டு திருப்பதியம் பாடுவோர் 48 பேரையும் அவர்களோடு உடுக்கையும் கொட்டிமத்தளமும் இசைப்போர் இருவரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சோழ அரசு தன் கோயிலை ஆவணப்படுத்தியபோது ஆள்களையும் எழுதிவைத்தது. கும்பினி அரசு ஆவணப்படுத்தியபோது எழுத்து பதிந்த கல்லை மட்டும் எடுத்தது.

சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் செலவைக் குறைக்கும் பொருட்டு 1859-இல் டிரைப்பின் பணியை நிறுத்தினார். டிரைப்புக்கு உதவியாளராயிருந்து தொழில் கற்ற ஐயாசாமி என்ற தமிழர் சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் தொடர்ந்து படமெடுத்தும் பிறருக்குக் கற்பித்தும் வந்தார்; தமிழரின் ஒளிப்பட வரலாறு எழுதப்படும்போது அவருக்கு இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும். 1867–68-இல் எட்மண்ட் டேவிட் லயன் அரசின் ஆதரவில் மதுரை, இராமேசுவரம், திருவரங்கம் முதலிய கோயில்களைப் படம்பிடித்தார். அப்படங்களுக்குக் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜேம்ஸ் பெர்குசன் விளக்கக் குறிப்புகள் எழுதினார். 1869-இல் சாமுவேல் போர்ன் தெற்கே வந்தார். பெர்குசன் 1876-இல் வெளியிட்ட இந்தியக் கட்டடக்கலை வரலாறு பெரிதும் இத்தகைய ஒளிப்படங்களை ஒப்பிட்டு எழுந்த நூல். தென்னாட்டுக் கோயில்கள் பிற்காலத்தில் சீரழிந்தன என்ற அவருடைய முடிவும், நாயக்கர் காலப் பணிகள் மீது அவர் கொண்ட தாழ்ந்த மதிப்பும் படிப்படியாகப் பாடநூல்களில் நிலைபெற்றன. திருவிழாவில் தெய்வம் வெளியே வந்து அமரும் இடம் மண்டபம், ஊர் முழுதும் தலைநிமிர்ந்து பார்ப்பதற்கானது கோபுரம் என்ற பயன்பாட்டை ஆளற்ற படத்திலிருந்து உணர்வது கடினம். வசந்த விழாவில் மீனாட்சியும் சொக்கரும் எழுந்தருள்வதற்காகக் கட்டப்பட்ட புது மண்டபத்தை ஐரோப்பிய நூல்கள் வெறுமனே ‘திருமலை நாயக்கர் சத்திரம்’ என்று குறித்தபோதும் இந்தப் பயன்பாடே மறைந்தது.

மனிதர்கள் கேமராவுக்குள் வந்தபோது வேறு வழியாக வந்தார்கள். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியான ‘இந்திய மக்கள்’ என்ற அரசு வெளியீடும், 1909-இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய நூலும் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மாதிரி உருவத்தைத் தேடின. அர்ச்சகர் ஒருவர், தாசி ஒருவர், மேளக்காரர் ஒருவர் எனப் பின்திரைக்கு முன்னால் நிறுத்தி எடுக்கப்பட்ட அப்படங்களில் ஆளுக்குப் பெயரும் இல்லை, பின்னால் கோயிலும் இல்லை. கட்டடம் ஆளில்லாமல் ஒரு தொகுப்பிலும், ஆள் கட்டடமில்லாமல் மற்றொரு தொகுப்பிலும் பிரிந்தது 19-ஆம் நூற்றாண்டு ஒளிப்படக்கலையின் மிகப் பெரிய விளைவு. சென்னையின் ஹிக்கின்பாதம்ஸ், வீலி அண்ட் க்ளைன் போன்ற நிறுவனங்கள் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அஞ்சலட்டைகளை அச்சிட்டு விற்கத் தொடங்கியபோது இந்தப் பிரிவினை அப்படியே வணிகமானது. கோபுர அட்டை ஒன்றும் நாட்டியப்பெண் அட்டை ஒன்றும் பயணிகளின் கைப்பையில் சேர்ந்தே சென்றன.

இதனால் மிகுதியாக இழந்தவர்கள் தேவதாசியர். 1890-களில் சென்னையில் எழுந்த நாட்டிய எதிர்ப்பு இயக்கமும், முத்துலட்சுமி ரெட்டியின் நீண்ட போராட்டமும், பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்த 1947-ஆம் ஆண்டுச் சட்டமும் தமக்கே உரிய சமூகக் காரணங்களால் நிகழ்ந்தவை. சிறுமியரைக் காக்கவேண்டும் என்ற நியாயம் அவற்றில் இருந்தது. அஞ்சலட்டை அவற்றுக்குக் காரணமன்று. ஆயினும், ஒரு பெண் கோயிலில் எந்த நேரத்தில் எந்தக் கடமையைச் செய்தார், அதற்காக எந்த நிலத்தில் அவருக்குப் பங்கு இருந்தது என்ற செய்திகளையெல்லாம் நீக்கிவிட்டு, அவரை ‘நாட்ச்’ (நடனம்) என்ற ஒரே சொல்லின் கீழ் விற்ற படங்கள், அவருக்காகப் பேசுவோரின் வாதத்தைப் பலவீனப்படுத்தின என்பதை மறுப்பதற்கில்லை. கலை மேடைக்குச் சென்று பரதநாட்டியமாகப் புகழ்பெற்றது. கோயிலில் அவர்கள் செய்துவந்த பணிகளை ஏற்க எவரும் அமர்த்தப்படவில்லை.

இரயில் பாதை பயணிகளின் தொகையைப் பெருக்கியது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கும் திருச்சிக்கும் 1861–62-இல் வண்டி ஓடியது. 1875-இல் மதுரை இணைந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இராமேசுவரம் வரை இருப்புப்பாதை நீண்டது. இந்த வண்டிகளை நிரப்பியவர்கள் மிகப் பெரும்பாலும் உள்நாட்டு யாத்திரிகர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தென்னிந்திய இரயில்வே படங்களோடு வெளியிட்ட கையேடு ஐரோப்பியப் பயணிக்காக எழுதப்பட்டது. மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துப் பயணம்செய்த யாத்திரிகருக்குக் கையேடு தேவைப்படவில்லை, அவருக்கு ஊரில் ஒரு பட்டர் தெரிந்திருந்தார். செட்டிநாட்டு நகரத்தார் போன்ற சமூகங்களின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட பட்டர் குடும்பத்தின் வழியாகவே அர்ச்சனையும் அபிஷேகமும் செய்வித்தன. 1878-இல் நடந்த மதுரைக் குடமுழுக்குக்குரிய பெரும் திருப்பணி நகரத்தாருடையது. யாத்திரிகர் மறுபடியும் வருவார், அவர் மகனும் வருவார். சுற்றுலாப் பயணி ஒருமுறை வந்து செல்பவர். அவரிடமிருந்து வரும் பணம் கட்டணச் சீட்டின் வழியே அலுவலகத்துக்குப் போகிறதே அல்லாமல் எந்தக் குடும்பத்தோடும் உறவாவதில்லை. கோயில் சமூகங்களின் பொருளியலைச் சுற்றுலா எவ்விதம் மாற்றியது என்ற கேள்விக்குரிய விடையின் பெரும்பகுதி இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

அதேவேளை, பழைய ஏற்பாட்டை அழகுபடுத்திக் காட்டுவதும் நேர்மையாகாது. மதுரைக் கோயிலின் படத்தொகுதிகள் இலண்டனில் புரட்டப்பட்டுக்கொண்டிருந்த காலமெல்லாம், மதுரையிலேயே பிறந்த ஆதிதிராவிடரும் நாடாரும் அக்கோயிலின் வாயிலைக் கடக்க முடியவில்லை. 1939 ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த ஆலயப் பிரவேசத்தை எதிர்த்துப் பட்டர்கள் பணியிலிருந்து விலகினர். அவர்களுள் பலர் 1945 வரை திரும்பவில்லை. 1971-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் அர்ச்சகர் பணிக்கான வாரிசுரிமையை நீக்கியது. அடுத்த ஆண்டே உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கோயிலை யார் பார்க்கலாம் என்ற கேள்வி ஊருக்குள்ளேயே கடுமையான அநீதியோடு பின்னிக்கிடந்தது. அந்த அநீதி நீங்கியதற்கும் சுற்றுலாவுக்கும் தொடர்பில்லை. அது மக்கள் போராடிப் பெற்றது.

கோயிலுக்கும் தனக்கென ஓர் உருவ மரபு உண்டு என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புது மண்டபத்தின் தூண்களில் மதுரை நாயக்கர்கள் பத்துப் பேர், திருமலை நாயக்கர் ஈறாக, தம் தேவியருடன் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். அரசர்களின் கைகள் கூப்பியிருக்கின்றன. நடுவே எழுந்தருளும் தெய்வத்தை நோக்கி அவர்கள் என்றென்றும் வணங்கிக்கொண்டிருக்கிறார்கள். மனித உருவம் கோயிலுக்குள் இடம்பெறுவது வணங்குபவராகவே என்பது அந்த மரபின் விதி. அச்சுக்கலை வந்தபின் இதே விதியின் வழியில் கோயில் சமூகங்களும் படத்தைத் தமதாக்கிக்கொண்டன. கோவில்பட்டியின் சி. கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப்படங்கள் சிவகாசி நாள்காட்டிகளாக வீடுதோறும் சென்றன. மீனாட்சி திருக்கல்யாணப் படம் இல்லாத பூசையறை மதுரை வட்டாரத்தில் குறைவு. கருவறையிலுள்ள மூலவரைப் படமெடுக்கக் கூடாது, அலங்காரத்திலிருக்கும் உற்சவரை எடுக்கலாம் என்ற பொதுவான வழக்கமும் கோயில் மரபிலிருந்து எழுந்ததே. உற்சவர் ஊர் பார்க்க வெளியே வருபவர்; மூலவரைக் காண மனிதர் உள்ளே செல்ல வேண்டும், அதுவும் திரை விலகியிருக்கும் வேளையில். ஆகவே கேமராவைக் கோயில் மக்கள் வெறுத்தொதுக்கினார்கள் என்பது பிழையான கருத்து.

கோபுரத்தின் உருவமும் இவ்வாறே வாழும் மரபைச் சேர்ந்தது. ஆகம மரபில் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவார்கள். அப்போது சிதைந்த சுதையுருவங்களை ஸ்தபதியர் மீண்டும் செய்து வண்ணம் தீட்டுவார்கள். மதுரையில் 1963, 1974, 1995, 2009 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு நடந்தது. இன்று வண்ணப்படங்களில் புகழ்பெற்றிருக்கும் கோபுரங்களின் மேற்பூச்சு, படம்பிடிப்பவர் எண்ணுவதுபோல் பல நூற்றாண்டுப் பழமையுடையதன்று. அவர் காலத்திலேயே வாழும் கைவினைஞர்களின் வேலை அது. ஒளிப்படம் ஓர் ஆண்டின் தோற்றத்தை நிலைநிறுத்தி, அதுவே உண்மையான தோற்றம் என்று காப்பாளர்களை நம்பவைக்கிறது. புதுப்பித்தலே மரபு என்று வாழும் ஸ்தபதிக்கும், மாறாமையே பாதுகாப்பு என்று கருதும் தொல்லியலாளருக்கும் இடையே ஒவ்வொரு திருப்பணியிலும் எழும் பூசலின் வேர் இங்கேயும் இருக்கிறது.

சுற்றுலாவைத் தன் போக்கில் ஏற்றுக்கொண்டு நெடுங்காலம் தழைத்த இடம் புது மண்டபம். யாளித் தூண்களின் காலடியில் வரிசையாகத் தையல் எந்திரங்கள் ஓடின. இடையிடையே பித்தளைப் பாத்திரக் கடைகளும் வளையல் கடைகளும் தலபுராணமும் பதிகமும் விற்கும் புத்தகக் கடைகளும் இருந்தன. தேவஸ்தானத்துக்கு வாடகை செலுத்திய இக்கடைக்காரர்களுள் பலர் தலைமுறைகளாக அங்கேயே தொழில் செய்தவர்கள். வெளிநாட்டுப் பயணி காலையில் தம் சட்டையைக் கொடுத்து, அதே அளவில் மற்றொன்றை மாலைக்குள் தைத்து வாங்கிச்செல்வது பயண நூல்கள் எழுதுமளவுக்குப் பேர்பெற்றது. ஆனால் அந்தத் தையலர்களின் முதன்மையான பருவம் சித்திரை மாதம். அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல் துருத்தியால் தண்ணீர் பீய்ச்சுவதாக நேர்ந்துகொண்டவர்கள் கருப்பசாமி வேடத்துக்குரிய சல்லடம், கச்சை, தலைக்குரிய உருமால் ஆகியவற்றைப் புது மண்டபத்தில்தான் தைத்துக்கொண்டார்கள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான துணியில் சரிகை வைத்து, நேர்த்திக்காரரின் உடலளவுக்கு வெட்டித் தைக்கும் அந்த வேலை எந்தத் துணிக்கடையிலும் ஆயத்தமாகக் கிடைப்பதன்று. பயணியின் சட்டையும் நேர்த்திக்காரரின் கச்சையும் ஒரே எந்திரத்தில் தைக்கப்பட்டன. ஒன்றில் வந்த வருமானம் மற்றொன்றின் தொழிலறிவை ஆண்டு முழுதும் காத்தது. சுற்றுலா ஒரு கோயில் சமூகத்துக்கு உண்மையாகவே உதவிய எடுத்துக்காட்டு இது.

இத்தகைய கடைகளைப் பாதுகாப்புக் கொள்கை எவ்வாறு நோக்கியது என்பதைப் புரிந்துகொள்ளக் கர்நாடகத்தின் ஹம்பியை ஒருமுறை பார்ப்பது பயன்தரும். அங்கே 1856-இல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற படை அலுவலர் மெழுகுத்தாள் நெகட்டிவ்களில் விசயநகர இடிபாடுகளைப் படம்பிடித்தார். 1980-களில் ஆஸ்திரேலிய ஒளிப்படக்காரர் ஜான் கோலிங்ஸ் அதே இடங்களில் நின்று மறுபடியும் எடுத்தார். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது ஆய்வாளருக்குப் பெரும் பயனளித்தது. விருபாட்சர் கோயிலுக்கு முன்னுள்ள கடைத்தெருவின் கல்மண்டபங்களில் 20-ஆம் நூற்றாண்டில் மக்கள் குடியேறி, வீடும் கடையும் உணவகமுமாக வாழ்ந்துவந்தனர். 1986-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில், 2011 ஜூலையில் அதிகாரிகள் நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஆக்கிரமிப்பாளர் என்று அகற்றி, கட்டுமானங்களை இடித்தனர். கல்மண்டபங்களுக்கு அவர்கள் சேதம் விளைவித்தார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்தத் தெரு கடைத்தெருவாகவே கட்டப்பட்டது. அதில் வாணிகமும் குடியிருப்பும் இருப்பது அதன் இயல்புக்கு மாறானதன்று. ஆளற்ற தெருவைத்தான் அசல் என்று கொள்ளும் மனப்பாங்குக்கு ஒன்றரை நூற்றாண்டு ஒளிப்படப் பழக்கம் துணைநின்றது.

மதுரையில் அகற்றலுக்கு உடனடிக் காரணமாக அமைந்தது ஒரு விபத்து. 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு, கிழக்கு வாயிலை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபப் பகுதியிலிருந்த கடைகளில் தீப்பற்றி, கடைகள் எரிந்ததோடு மண்டபத்தின் தூண்களும் கூரையும் கடுமையாகச் சேதமடைந்தன. கோயிலுக்குள் கடைகள் இருக்கக்கூடாது என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்று, புது மண்டபக் கடைகளும் சில ஆண்டுகளில் அருகிலுள்ள குன்னத்தூர்ச் சத்திரத்தில் கட்டப்பட்ட வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டன. நானூறு ஆண்டுக் கற்றூண்களுக்கு நடுவே துணிமூட்டைகளும் மின்கம்பிகளும் இருப்பதன் ஆபத்தை எவரும் மறுக்க மாட்டார்கள். மண்டபம் மீண்டும் வசந்த விழாவுக்கு உரியதாவதும் நியாயமே. ஆனால் இடமாற்றத்தின்போது கடை என்ற ஒரே வகைக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. நெகிழிப் பொம்மை விற்ற கடையும் கருப்பசாமி வேடம் தைத்த எந்திரமும் சதுர அடிக் கணக்கில் ஒன்றேயாயின. பிந்தியது கோயிலின் சித்திரைத் திருவிழாவோடு பிணைந்த கைத்தொழில் என்பதற்குத் தனி மதிப்பு எதுவும் வழங்கப்படவில்லை.

அதே தீவிபத்தைத் தொடர்ந்து உயர்நீதிமன்ற உத்தரவால் மீனாட்சி கோயிலுக்குள் கைப்பேசி தடைசெய்யப்பட்டது; 2022 டிசம்பரில் திருச்செந்தூர்க் கோயிலைப் பற்றிய வழக்கில் மதுரைக் கிளை அத்தடையைத் தமிழ்நாட்டின் எல்லாக் கோயில்களுக்கும் விரிவாக்கியது. அர்ச்சகர்கள் பலர் இதை வரவேற்றனர். தீபாராதனை நடக்கும் சில நொடிகளில் கைகூப்புவதற்குப் பதிலாகக் கைப்பேசியை உயர்த்தும் கூட்டத்துக்கு நடுவே பணிசெய்ய நேர்ந்தவர்களுக்கு அந்த வரவேற்பு இயல்பானது. தடையின் மறுபக்கத்தையும் காண வேண்டும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கைவினைப்பொருள் விற்பனைக்கூடங்கள் பயணிகளைத் தம் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று கோபுரங்களைப் படமெடுக்க விடுவது நெடுநாள் வழக்கம். மாடியேறும் பயணி இறங்கும்போது கடை வழியாகவே இறங்கியாக வேண்டும். கோயிலுக்குள் கேமராவுக்கு இடமில்லாத நிலையில் இம்மாடிகளின் மதிப்பு கூடுகிறது. அதன் ஆதாயம் கடைக்காரருக்கும் ஆள்பிடித்துத் தரும் தரகருக்கும் போகிறதே தவிர, பூத்தொடுப்பவருக்கும் ஓதுவாருக்கும் அதிலிருந்து எதுவும் வருவதில்லை.

கோயில் நிர்வாகங்கள் இனிப் படமெடுக்கும் பொறுப்பைத் தாமே ஏற்கும்போது, எதைப் பதிவுசெய்வது என்ற முடிவும் அவற்றிடமே வந்துசேர்கிறது. தூணையும் கோபுரத்தையும் ஆவணப்படுத்தியவை ஏராளமாக இருக்கின்றன. ஒரு பட்டரின் முறை நாளில் விடியல் முதல் பள்ளியறை வரை நடப்பவை, மடைப்பள்ளியின் வேலைமுறை, வாகனம் சுமப்பவர்கள் தோள்மாற்றும் ஒழுங்கு, சல்லடத்துக்குத் துணி வெட்டும் அளவு ஆகியவை, செய்பவர்களின் இசைவோடும் பெயரோடும் பதிவாக வேண்டும். தேவஸ்தானங்களில் இருக்கும் வாடகைக் கணக்குகளும் ஊழியப் பதிவேடுகளும், டிரைப்பின் படத்தொகுதிகளுக்குக் கிடைக்கும் அதே கவனத்தோடு பேணப்பட்டு, அவற்றோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியவை.